உம்மாவின் கழுத்தும் வாப்பாவின் வாயும்

எங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் உம்மாவின் கழுத்தில்தான் இருந்தது.

உம்மா பேருவளைக்காரி. 1974இல் பத்தொன்பது வயதில் வாழ்க்கைப்பட்டு, கடற்கரையை விட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தவர். வரும்போதே கழுத்தில் இலேசான வீக்கம் இருந்ததாம். வாப்பும்மா உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிக் காட்டத் தவறியதில்லை. "சீதனத்தோட இதையும் சேத்தல்லவா அனுப்பிட்டாங்க" என்பார். உம்மா பதில் பேசமாட்டார். முக்காட்டின் முன்தலைப்பை இன்னொரு சுற்றுச் சுற்றி நாடிவரை இழுத்துவிட்டுக்கொள்வார். வீட்டுக்குள் அடுப்படியில் நிற்கும்போதும் அப்படித்தான். உம்மாவின் கழுத்தை முழுதாகப் பார்த்த நினைவு எனக்குச் சிறு வயதில் இல்லை. நான் பார்த்ததெல்லாம் அவர் தண்ணீர் குடிக்கும்போது முக்காட்டுக்குக் கீழே ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்குவதைத்தான்.

பலாபத்வலயில் அப்படியான கழுத்துகள் அதிகம் இல்லை. இது என் ஞாபகம் மட்டுமல்ல, கணக்கும் உண்டு. 1986இல் இலங்கையின் பதினேழு மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்துகளைத் தடவிப் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். மொத்தத்தில் 18.8 வீதமான பிள்ளைகளுக்குக் கண்டமாலை இருந்தது. ஆகக் குறைவு எங்கள் மாத்தளை மாவட்டம், 6.5 வீதம். ஆகக் கூடுதல் உம்மா பிறந்த களுத்துறை மாவட்டம், 30.2 வீதம். பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்து சில ஆண்டுகளின் பின் இந்த எண்களை முதன்முதல் வாசித்தபோது வாப்பும்மா மௌத்தாகி வெகுகாலம். உயிரோடு இருந்திருந்தால் தாளைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். "பாருங்க, இது மருமகள்ட குற்றமில்ல, மழைட குற்றம்" என்று.

மழையின் குற்றம் என்பது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. கடலோரத்தில் பிறந்தவளுக்கு அயடின் குறைவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஓயாமல் மழை பெய்யும் நிலத்தில் மண்ணிலுள்ள அயடினை நீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சாதாரணக் கடலுப்பிலும் அது மிகச் சொற்பந்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அயடின் இல்லாவிட்டால் தைரொயிட் சுரப்பியால் தைரொக்சினைச் செய்ய முடியாது. தைரொக்சின் குறைந்தால் மூளைக்கு அடியிலுள்ள கபச் சுரப்பி "இன்னும் வேலை செய், இன்னும் வேலை செய்" என்று கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பாவம், சுரப்பி என்ன செய்யும்? சாமானில்லாத பட்டறைக்கு ஆட்களைச் சேர்ப்பதுபோலக் கலங்களைப் பெருக்குகிறது. கழுத்து வீங்குகிறது. 1995இல் அயடின் சேர்த்த உப்பைச் சட்டமாக்கிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையே தெரியாது. என் வகுப்பில் கண்டமாலைக்குப் படம் காட்டித்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

இதைக் கட்டி என்று சொல்வது உண்மையில் சரியில்லை. இது சொல்லுக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்த வளர்ச்சி. கட்டளை வந்தது, கலங்கள் பெருகின. கட்டளை நின்றால் பெரும்பாலும் பெருக்கமும் நிற்கும். நம் உடம்பில் ஏறத்தாழ முப்பது இலட்சம் கோடிக் கலங்கள் இருக்கின்றன. தோலிலும் குடலிலும் குருதியிலும் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் செத்துப் புதிதாய்ப் பிறக்கின்றன. எல்லாம் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான். சொல்லை மீறிப் பெருகுவதுதான் கட்டி. அப்படி மீறியதிலும் இரண்டு விதம் இருக்கிறது. அந்த இரண்டாவது வித்தியாசத்தைத்தான் எங்கள் வீடு பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

2011இல் உம்மாவின் கழுத்தில், பழைய வீக்கத்தின் வலப் பக்கமாக, தனியாக ஒரு கட்டி தலைதூக்கியது. ஒரு நோன்பு மாதத்திலிருந்து அடுத்த நோன்பு மாதத்துக்குள் நெல்லிக்காயாக இருந்தது எலுமிச்சங்காய் அளவாகிவிட்டது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பொல்லாத வருத்தம்" என்போம், அல்லது குரலைத் தாழ்த்தி "அதுதானோ?" என்போம். ராத்தா கம்பளையிலிருந்து வந்து இரண்டு கிழமை தங்கினார். தம்பி கட்டாரிலிருந்து இரவில் மூன்று தரம் கோல் எடுத்தான். வாப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டு, "அல்லாட காவல், ஒண்டும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டியில் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதித்தார்கள். வந்த பதில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நான் சற்றுக் கோபமாகவே டொக்டரிடம் கேட்டேன். நாற்பதைத் தாண்டாத சிங்களப் பெண். என்னை விஞ்ஞான ஆசிரியர் என்று அறிந்ததும் ஒரு கடதாசியை இழுத்து இரண்டு வட்டம் வரைந்தார். முதல் வட்டத்தைச் சுற்றி இன்னொரு கோடு போட்டார். "இது உறை. கட்டிக்குள்ளே இருக்கும் கலங்கள் நல்ல கட்டியிலும் கெட்ட கட்டியிலும் ஒரே மாதிரித்தான் தெரியும், இந்த வகையில். ஊசியில் வருவது கலம் மட்டுந்தான். அந்தக் கலம் உறையைத் தாண்டி வெளியே போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு வேலியோடு சேர்த்து முழுவதையும் எடுத்துப் பார்க்க வேணும்." ஆங்கிலமும் சிங்களமும் கலந்து அவர் சொன்னதை உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். உம்மா கேட்டார்: "அப்ப பக்கத்துக் காணிக்குள்ள போயிருக்கான்டு பாக்கிறதா?"

அவ்வளவுதான். பயிற்சிக் கலாசாலையில் இரண்டு ஆண்டு படித்தும், அட்டாளைச்சேனைக் கடல்காற்றில் இழையுருப்பிரிவின் படங்களைக் கலர் பென்சிலால் வரைந்தும், இவ்வளவு நேராக எனக்கு இது விளங்கியதில்லை. தன் காணிக்குள் எவ்வளவு பெருத்தாலும் அது தீங்கற்ற கட்டி. பக்கத்து இழையத்தை அது தள்ளும், நெருக்கும், ஆனால் உள்ளே புகாது. தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டி, பெண்களின் கருப்பைத் தசைக்கட்டி, இளம் பெண்களின் மார்பில் விரலுக்கு நழுவும் உருண்டை, இவையெல்லாம் பெரும்பாலும் இந்த இனம். மற்றது வேலியை அறுக்கும். பக்கத்து இழையத்துக்குள் வேர் விடும். குருதியிலும் நிணநீரிலும் ஏறிப் பயணம் போய், ஈரலிலோ எலும்பிலோ இறங்கிக் குடியேறும். காணி எல்லைதான் இரண்டுக்கும் இடையிலுள்ள வழக்கு. எவ்வளவு பெரிது, எவ்வளவு வலிக்கிறது என்பதெல்லாம் தீர்ப்பில் சேராது.

தீங்கற்றது என்றால் பயமே இல்லை என்று அர்த்தமில்லை. மண்டையோட்டுக்குள் இடம் குறைவு. அங்கே ஒரு சாதுவான கட்டி பெருத்தாலும் மூளையை நெரித்துவிடும். பெருங்குடலில் காளான்போல முளைக்கும் சில சாதுக்கள் காலப்போக்கில் குணம் மாறுவதும் உண்டு. ஆனாலும் பத்துக் கட்டியைத் தடவினால் ஒன்பதும் சாதுதான் என்ற நம்பிக்கையில் நம்மவர்கள் வாழ்கிறார்கள். அந்தக் கணக்கு சரியோ பிழையோ, பத்தாவதைத் தெரிந்துகொள்ளும் வழி விரலில் இல்லை.

சத்திரசிகிச்சை நாள் காலையில் உம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு வாப்பாவும் நானும் வெளியே சீமெந்து வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பகல் சாப்பாட்டுக்கு ராத்தா கட்டித் தந்த சோற்றுப் பார்சலை வாப்பா விரித்தார். மிளகு போட்ட மாட்டிறைச்சி. இறைச்சியை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் பருப்பையும் சோற்றையும் மட்டும் சிறு சிறு உருண்டையாக்கி வாய்க்குள் தள்ளினார். "ஏன் வாப்பா?" என்றேன். "கொஞ்ச நாளா காரம் ஒத்து வரல்ல மகன். வாய் எரியுது. வயசாவுதே" என்றார்.

அந்த வார்த்தையை நான் கேட்டேன். காதால் கேட்டேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

வாப்பா யார்? நாற்பது வருடம் மிளகிலும் கராம்பிலும் புரண்ட மனிதர். பலாபத்வலச் சந்தியிலிருந்து உள்ளே போகும் தோட்டங்களில் வீடு வீடாக ஏறி மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ என்று பருவத்துக்குப் பருவம் வாங்கி, எங்கள் முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்து, மாத்தளைக் கடைத்தெருவில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு மணி மிளகைப் பல்லில் கடித்து ஈரப்பதம் சொல்லிவிடுவார். பச்சை மிளகாயை வெறும் சோற்றோடு கடிப்பவர். அந்த நாக்குக்குக் காரம் ஒத்துவரவில்லை என்றால் அது செய்தியல்லவா? ஆனால் அன்று என் கண் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவில் இருந்தது.

உம்மாவின் அறிக்கை நான்கு கிழமை கழித்து வந்தது. உறை முழுமையாக இருக்கிறது, எங்கும் உடைபடவில்லை, தீங்கற்ற கட்டி. அதை நான் வாசித்துச் சொன்னதும் உம்மா அழுதார். கட்டி இருந்தபோது அழாதவர். வெள்ளிக்கிழமை யாசீன் ஓதி, அயலாருக்குச் சோறு கொடுத்தோம். வட்டிலப்பம் ராத்தாவின் கை. வாப்பா அன்றும் வட்டிலப்பத்தைத்தான் அதிகம் சாப்பிட்டார். சஹனில் உட்கார்ந்த ஹாஜியார் ஒருவர், "என்ன, இனிப்புக்கு மாறிட்டீங்களா?" என்று பகிடி பண்ணினார். எல்லோரும் சிரித்தோம்.

எங்கள் வீட்டு வெற்றிலை வட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பித்தளை. வாப்பாவின் வாப்பா காலத்தது. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு டப்பா, யாழ்ப்பாணப் பொயிலைத் துண்டு. பாக்குவெட்டியின் சத்தத்தில்தான் நாங்கள் விடியற்காலையில் கண் விழிப்போம். சந்திக் கடையில் வெற்றிலை வாங்கி வருவது ஆறு வயதிலிருந்து என் வேலை. கூறு எண்ணி வாங்கவும், நரம்பு தடித்ததை மாற்றிக் கேட்கவும் வாப்பாதான் பழக்கினார். நான் முதன்முதலாகத் தனியே செய்த வியாபாரம் அதுதான். கல்யாணப் பேச்சென்றாலும், சண்டை சமாதானமென்றாலும், மௌத்து வீடென்றாலும் நடுவில் வட்டா இருக்கும். இரவில் படுக்கும்போது ஒரு சுருளை இடது கொடுப்பில் அடக்கிக்கொண்டு தூங்குவது வாப்பாவின் வழக்கம். இடது கொடுப்பு. அதை மறக்க முடியவில்லை.

2012 பங்குனியளவில் இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியதென்றார். பக்கத்திலுள்ள தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் இரண்டு தரம் மருந்து எடுத்தோம். விற்றமின் குளிசையும் வாய் கொப்பளிக்க ஒரு நீரும் தந்தார்கள். மூன்று மாதம் போயிற்று. வலி இல்லை என்பதால் வாப்பாவுக்குக் கவலையில்லை. வாப்பாவுக்குக் கவலையில்லை என்பதால் எங்களுக்கும் இல்லை. ஒரு நாள் சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே ஏதோ தட்டுப்படுவதாகச் சொன்னார். நான் தொட்டுப் பார்த்தேன். பாக்குக் கொட்டையளவு. கல்லைப் போல. உம்மாவின் கட்டி விழுங்கும்போது ஏறி இறங்கியது. இது அசையவே இல்லை. இரண்டு விரலால் பிடித்து நகர்த்திப் பார்த்தேன். எலும்போடு ஒட்டியதுபோல நின்றது. அப்போதுதான் அந்தக் கடதாசியும் இரண்டு வட்டமும் எனக்கு ஞாபகம் வந்தன.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போனோம். மாத்தளையில் மாறி, அக்குறணை தாண்டும்வரை வாப்பா மிளகு விலையைப் பற்றியே பேசினார். அங்கே ஓர் இளம் டொக்டர் சிறு டோர்ச்சைக் கையில் எடுத்து, "கட்ட அரின்ன" என்றார். வாப்பா வாயைத் திறந்தார். டொக்டர் மறுபடியும் "இன்னும் திறங்க" என்றார். வாப்பா திறந்த மட்டும் அவ்வளவுதான். டொக்டர் தன் விரல்களை நிமிர்த்திப் பற்களுக்கிடையே வைத்து அளந்தார். மூன்று விரல் போக வேண்டிய இடத்தில் ஒன்றரை விரல் போயிற்று. வாப்பா ஏன் சோற்றைச் சிறு உருண்டையாக்கினார் என்பது எனக்கு அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபோது விளங்கியது.

பாக்குச் சாறு கன்னத்தின் உட்தோலுக்கடியில் நார் நாராக இழையத்தைப் படியவைத்து, வாயை இறுக்கிவிடும். மேலே தோல் வெளிறிச் சலவைக்கல் போலாகும். முதலில் தெரிவது எரிவுதான். காரம் பட்டால் தாங்காது. இது இன்னும் புற்று அல்ல, ஆனால் புற்றுக்கு முந்திய படி. இதோடு வெண்படலம் படியும் வாய்களும் உண்டு. செம்படலம் என்றால் இன்னும் ஆபத்து. இரண்டு மூன்று கிழமைக்குள் ஆறாத புண் எதுவாயினும் காட்டிவிட வேண்டும். இத்தனையும் சுவரில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தது. இழையத் துண்டு எடுத்தார்கள். பத்து நாளில் பெயர் வந்தது: செதின் மேலணிக் கலப் புற்று. கழுத்தில் தட்டுப்பட்டது அதன் பயணத்தின் முதல் தரிப்பிடம்.

அன்றிரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆசிரியனுக்கு வேறென்ன தெரியும்? ஒரு கிராம் கட்டியில் ஏறக்குறைய நூறு கோடிக் கலங்கள் என்பது மருத்துவர்களின் பழைய கணக்கு. ஒரு கலம் இரண்டாகி, இரண்டு நான்காகி, நூறு கோடியாக முப்பது தரம் இரட்டித்தால் போதும். துல்லியமாகச் சொன்னால் 107 கோடியே 37 இலட்சத்துச் சொச்சம். அதாவது முப்பது படி ஏறிய பிறகுதான் அது விரலில் தட்டுப்படுகிறது. அதற்குமேல் ஒரு கிலோவாக இன்னும் பத்துப் படிதான். வாப்பா காரம் எரிகிறதென்று ஆஸ்பத்திரி வாங்கில் சொன்னபோது எந்தப் படியில் இருந்திருக்கும்? கொப்பியின் பின்பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதிவிட்டு விடை எழுதாமல் மூடினேன்.

நம் மொழி இந்த நோய்க்கு வைத்த பெயரைப் பற்றி அந்த நாட்களில் அதிகம் யோசித்தேன். கிரேக்கர்கள் இதற்கு நண்டின் பெயரை வைத்தார்கள். அறபியில் 'ஸரதான்' என்றாலும் நண்டுதான். கட்டியைச் சுற்றிப் புடைத்து ஓடும் நாளங்கள் நண்டுக் கால்போல் இருந்தனவாம். இப்னு சீனா தன் 'கானூன்' நூலில் இதைப் பற்றி எழுதும்போது, வெட்டுவதானால் சுற்றியுள்ள கெட்டதையெல்லாம் சேர்த்து வெட்ட வேண்டும் என்கிறார். அவருக்கும் முந்தியவர், குர்துபாவின் பேர்பெற்ற சத்திரசிகிச்சையாளர் அஸ்ஸஹ்ராவி. முற்றிப் பெருத்த புற்றைத் தொடாதே, அப்படி ஒன்றை நானும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்திய எவரையும் கண்டதுமில்லை என்ற கருத்தில் எழுதிவைத்தார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய மனிதரின் அந்த நேர்மை எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் பெயர் என்று வரும்போது நம் தமிழ்ப் புற்றுத்தான் பொருத்தம் என்பேன். எங்கள் மிளகுத் தோட்டத்தில் கறையான் புற்று ஒன்று முழங்கால் உயரத்துக்கு நிற்கும். வாப்பா அதை வெட்டிச் சரித்துவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொல்வார்: "இது மேல்வீடு மகன். ஊர் கீழ ஈக்கிது."

சத்திரசிகிச்சையில் கன்னத்தின் ஒரு பகுதியையும் கழுத்து முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு கண்டியில் கதிர் வைத்தியம். இங்கே குறைசொல்ல எதுவுமில்லை. எங்களைக் கவனித்தவர்கள் மிக நல்ல மனிதர்கள். பிந்திப் போனது நாங்கள். கதிர் வைத்தியத்தின் நடுவில் வாப்பாவுக்கு வாய் முழுதும் வெந்துபோய், கஞ்சிகூட இறங்கவில்லை. ஒரு நாள் வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல் தெளியாமல் கேட்டார்: "உம்மாக்கு வந்ததும் கட்டி. எனக்கு வந்ததும் கட்டி. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" எனக்கு வேலிக் கதை தெரியும். உறை தெரியும், படம் வரைந்து காட்டவும் முடியும். சொல்லவில்லை. "சுகமாகிடும் வாப்பா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். 2013 ஐப்பசியில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சுபஹுக்குப் பின் மௌத்தானார். வயது அறுபத்தேழு.

அதற்குப் பிறகு வாசித்தவைதான் என்னை அதிகம் வருத்தின. 1980களின் தொடக்கத்திலேயே பேராதனையின் பல் மருத்துவ அறிஞர் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு சேர்ந்தவர்களும் நம் நாட்டின் கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கு வாய்க்குள் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள். பெரிய கருவி ஒன்றுமில்லை, வெளிச்சமும் கண்ணும்தான். பல ஆயிரம் கிராமத்தவர்களின் வாயைப் பார்த்து, சந்தேகமானவர்களைப் பிரித்து அனுப்பினார்கள். 1984இல் அந்த ஆய்வு உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது. சாதாரண ஊழியரால் இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று அது காட்டியது. ஆனால் அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானோரே போய்க் காட்டினார்கள். வலிக்கவில்லையே, எதற்குப் போவது? அந்தப் போகாத பாதியில் வாப்பாவின் முகத்தையே நான் பார்த்தேன்.

பொயிலைதான் கெடுதி, பாக்கும் வெற்றிலையும் மருந்து என்று பெரியவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பொயிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே சொல்லிவிட்டது. 2004இல் வெளிவந்த அதன் தொகுதி பாக்கு தனியாகவே போதும் என்று தீர்த்தது. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுகளில் வாய், தொண்டைப் பகுதிப் புற்றுத்தான் முன்னணியில் நிற்கிறது. பெண்களில் மார்பகம் முதலிடம். தைரொயிட்டும் முன்வரிசையில் இருக்கிறது. ஆகவே உம்மாவின் கழுத்துக்குப் பயந்ததில் பிழையில்லை. 2016இல் பொயிலைத் தூளும் பாக்கும் கலந்த பக்கற்றுகளை அரசாங்கம் தடைசெய்தது. நல்ல காரியம். ஆனால் பித்தளை வட்டாவை யாரும் தடைசெய்ய முடியாது. நம் கல்யாண வீடுகளில் அதை நடுவில் வைப்பது மரியாதை என்று நாமே நினைக்கிறோம்.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கலப்பிரிவு நடத்தும்போது இப்போது இரண்டு வட்டம் வரைகிறேன். போன வருடம் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், கட்டி நொந்தாத்தானே பயம்?" நான் உடனே பதில் சொல்லாமல், வீட்டில் வெற்றிலை போடுபவர்கள் யார் யார் என்று கேட்டேன். முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது கை எழும்பியது. அடுத்த திங்கட்கிழமை வரும்போது அவர்களுடைய வாயில் மூன்று விரல் போகிறதா, காரம் எரிகிறதா என்று கேட்டு வரச் சொன்னேன். வீட்டு வேலை என்று கொப்பியில் எழுதவும் வைத்தேன். அதற்கு ஒரு பெற்றோர் வந்து முறைப்பட்டார், பெரியவர்களின் வாயைப் பரிசோதிக்கப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறீர்களா என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பத்தொன்பதில் ஒருவரின் பாட்டனார் மறுகிழமை தன் பேரனோடு என் வீட்டுக்கு வந்தார். கன்னத்தில் வெண்மை. பேராதனைக்குக் கூட்டிப்போனேன். துண்டு எடுத்துப் பார்த்தார்கள். இன்னும் வேலி தாண்டவில்லை. வெற்றிலையை விட்டுவிட்டார் என்று அவர் சொல்கிறார். விடவில்லை, பள்ளிக்குப் பின்னால் நின்று போடுகிறார் என்று பேரன் சொல்கிறான்.

உம்மாவுக்கு இப்போது எழுபது வயது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின் குளிசை ஒன்று, அதன்பிறகு அரை மணி நேரம் தேத்தண்ணீர்கூடக் கிடையாது. சத்திரசிகிச்சைத் தழும்பு கழுத்தின் மடிப்புக்குள் மறைந்துவிட்டது. முக்காட்டை இப்போது அவ்வளவு இழுத்துக் கட்டுவதில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மாவும் ஒரு சின்னச் சுருள் போட்டுக்கொண்டிருந்தவர்தான், வாப்பா மௌத்தாகும்வரை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நிற்பேன். உம்மா அலுத்துக்கொண்டே வாயைத் திறப்பார். இரண்டு கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. மூன்று விரல் போகிறது.

"என்ன தேடுற மகன்," என்பார், "பல்லும் மிச்சமில்லையே."